நாள் குறித்தால் நோய் நிற்குமா?

மார்ச் 24 காசநோய் நாள். ஏப்ரல் 7 உலக சுகாதார நாள். மே 31 புகையிலை எதிர்ப்பு நாள். ஜூலை 28 கல்லீரல் அழற்சிக்கு, செப்டம்பர் 28 வெறிநாய்க்கடிக்கு, அக்டோபர் மாதம் முழுக்க மார்பகப் புற்றுநோய்க்கு. நவம்பர் 14 அன்று நாம் நேருவின் பிறந்தநாளைக் குழந்தைகள் தினமாகக் கொண்டாடுகிறோம். அதே நாள், இன்சுலினைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான பிரெடரிக் பாண்டிங்கின் பிறந்தநாள் என்பதால் உலகச் சர்க்கரைநோய் நாளாகவும் இருக்கிறது. டிசம்பர் 1 எய்ட்ஸ் நாள். ஒவ்வொரு நாளுக்கும் நம் ஊரில் ஏறக்குறைய ஒரே சடங்குதான்: மருத்துவக் கல்லூரி மாணவர்கள் பதாகையோடு பேரணி போவார்கள், மாவட்ட ஆட்சியர் கொடியசைத்துத் தொடங்கிவைப்பார், பள்ளிகளில் ஓவியப் போட்டி நடக்கும், அதிகாரிகள் உறுதிமொழி எடுப்பார்கள். மறுநாள் நாளிதழின் உள்பக்கத்தில் படத்தோடு செய்தி வரும். அதோடு அடுத்த ஆண்டுதான்.

இந்தச் சடங்கால் யாருக்காவது நோய் வராமல் போனதா என்பது எளிய கேள்வி. ஆனால் அதைக் கேட்டவர்கள் குறைவு. 2015இல் ஜோனதன் பர்ட்டில், லியா ரோமன் என்ற இருவர் அமெரிக்கப் பொதுச் சுகாதார ஆய்விதழ் ஒன்றில் இதைக் கேட்டார்கள். அமெரிக்காவின் தேசியச் சுகாதார நாட்காட்டியில் மட்டும் ஏறத்தாழ 200 விழிப்புணர்வு நாட்களும் வாரங்களும் மாதங்களும் இருந்தன. ‘விழிப்புணர்வு நாள்’ என்ற சொற்களைத் தாங்கிய மசோதாக்கள் 2005 முதல் 145க்கும் மேல் அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கு வந்திருந்தன. இவற்றின் பலனை முறையாக அளந்த ஆய்வுகளோ விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தன. அவர்களுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. இந்த நாட்கள் எல்லா நோய்க்கும் காரணம் தனிமனிதரின் அறியாமைதான் என்ற எண்ணத்தைப் பரப்புகின்றன. குறைந்த கூலி, நெருக்கடியான வீடு, கெட்ட காற்று, தொலைவிலிருக்கும் மருத்துவமனை ஆகியவற்றிலிருந்து பார்வையைத் திருப்பிவிடுகின்றன.

சந்தேகம் நியாயமானது. ஆனால் அதை நம்பி எல்லா நாட்களையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஒரு நாளைக் குறித்து, அந்த ஒரே நாளில் ஊரெல்லாம் ஒரு காரியத்தைச் செய்ததால் ஒரு நோய் இந்தியாவை விட்டே போயிருக்கிறது. நாற்பது வயதைக் கடந்தவர்கள் தங்கள் வகுப்பிலோ தெருவிலோ கால் சூம்பிய ஒரு பிள்ளையை நினைவில் வைத்திருப்பார்கள். இன்றைய பள்ளிப் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு நினைவு இருக்க வாய்ப்பில்லை.

போலியோ சொட்டு மருந்து நாளை விழிப்புணர்வு நாட்களின் வரிசையில் வைத்துத்தான் பலரும் பேசுகிறார்கள். ஆனால் அதற்கு ஒரு நாள் தேவைப்பட்ட காரணமே வேறு. விழிப்புணர்வு அதற்கு இரண்டாம் பட்சம். காரணம் கிருமியின் இயல்பில் இருந்தது.

போலியோ கிருமி மனிதரைத் தவிர வேறு உயிரில் நிலையாகக் குடியிருப்பதில்லை. குழந்தையின் குடலில் பெருகி, சில வாரங்கள் மலத்தில் வெளியேறும். அதற்குள் அடுத்த குழந்தையின் வாய்க்குப் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அந்தச் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். தொற்றுக்கு ஆளாகும் ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்குத்தான் கைகால் செயலிழக்கும். மற்றவர்கள் எதுவும் தெரியாமலே கிருமியைப் பரப்பிக்கொண்டிருப்பார்கள். அதாவது ஊரில் ஒரு குழந்தைக்குக் கால் விழுந்தது தெரியவரும்போது கிருமி ஏற்கெனவே நூற்றுக்கணக்கான குழந்தைகளைக் கடந்து போயிருக்கும். நோயாளியைத் தேடிப்பிடித்து மருந்து கொடுத்து இதை நிறுத்த வழியில்லை. சுகாதார நிலையத்தில் ஆண்டு முழுக்க, வருகிற குழந்தைக்கு வருகிறபோது சொட்டு மருந்து கொடுத்தாலும், கிருமிக்கு எப்போதும் மருந்து பெறாத ஒரு குழந்தை எங்காவது கிடைத்துக்கொண்டே இருக்கும்.

ஆல்பர்ட் சேபின் உருவாக்கிய சொட்டு மருந்தில் இருப்பது வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள கிருமி. அதுவும் குடலில்தான் பெருகும். ஒரு வட்டாரத்தின் குழந்தைகள் அனைவருக்கும் ஒரே நேரத்தில் அதைக் கொடுத்துவிட்டால், அத்தனை குடல்களிலும் மருந்துக் கிருமி இடம்பிடித்துக்கொள்ளும். காட்டுக் கிருமிக்குப் போக்கிடம் இருக்காது. நாள் குறிப்பது இங்கே மருந்தின் ஒரு பகுதி. அதே அளவு மருந்தை ஆண்டு முழுக்கப் பிரித்துக் கொடுத்தால் இந்த விளைவு கிடைக்காது. சேபினே இதை வலியுறுத்தினார். 1959, 60 ஆண்டுகளில் சோவியத் ஒன்றியத்தில் மிகாயில் சுமாகோவ் கோடிக்கணக்கானோருக்கு இந்த மருந்தைக் கொடுத்துக் காட்டினார். 1962இல் கியூபா, தெருவுக்குத் தெரு இருந்த தன் புரட்சிப் பாதுகாப்புக் குழுக்களைக் கொண்டே நாடு முழுக்கச் சொட்டு மருந்து கொடுத்துப் போலியோவைத் துரத்தியது. பெரிய நாட்டில் அது நடக்காது என்றார்கள். 1980இல் பிரேசில் ஜூன், ஆகஸ்ட் மாதங்களில் தலா ஒரு சனிக்கிழமையைத் தேசியத் தடுப்பு மருந்து நாளாக அறிவித்தது. அந்த ஆண்டு ஆயிரத்துக்கு மேல் இருந்த நோயாளிகளின் எண்ணிக்கை அடுத்த ஆண்டே நூற்றுச் சொச்சமாகச் சரிந்தது.

இந்தியாவில் இந்த யோசனைக்கு வேர் வேலூரில் இருக்கிறது. கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் டி. ஜேக்கப் ஜான், மேலைநாடுகளில் மூன்று தவணையில் வேலைசெய்த சொட்டு மருந்து இங்கே மூன்று தவணைக்குப் பிறகும் கணிசமான குழந்தைகளிடம் எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கவில்லை என்பதை 1970களின் தொடக்கத்திலேயே கண்டறிந்தார். மருந்து கெட்டுப்போனதால் அப்படி நேரவில்லை. இங்குள்ள குழந்தைகளின் குடல் வேறு கிருமிகளோடும் ஓயாத வயிற்றுப்போக்கோடும் போராடிக்கொண்டிருக்கிறது. அந்தக் கூட்டத்தில் மருந்துக் கிருமிக்கு இடம் கிடைப்பது கடினம். அப்படியானால் கூடுதல் தவணைகள் வேண்டும், ஒரே சமயத்தில் வேண்டும். 1980களின் தொடக்கத்தில் வேலூர் நகரில் அப்படிக் கொடுத்தும் பார்த்தார். நாடு அதைக் கையிலெடுக்க மேலும் பத்தாண்டுக்கு மேலாயிற்று. 1994 அக்டோபர் 2 அன்று டெல்லியில், அப்போது அங்கே சுகாதார அமைச்சராக இருந்த ஹர்ஷ் வர்தனின் முயற்சியில், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு ஒரே நாளில் சொட்டு மருந்து கொடுக்கப்பட்டது. 1995 டிசம்பர் 9 அன்று அது நாடு தழுவியதாயிற்று.

நாடு தழுவிய அந்த நாட்களின் தேதிகள் பஞ்சாங்கம் பார்த்து வைத்தவையும் அல்ல, யாருடைய பிறந்தநாளுக்காக வைத்தவையும் அல்ல. இந்தியாவில் போலியோ கோடைக் கடைசியிலிருந்து மழைக்காலம் முழுக்கப் பரவும். குளிர் மாதங்களில் அடங்கியிருக்கும். எதிரி மெலிந்திருக்கும் பருவத்தில் அடிப்பதற்காகத்தான் டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி. மற்ற நாட்களோடு இதை ஒப்பிட்டால் வித்தியாசம் விளங்கும். மார்ச் 24 வந்ததற்குக் காரணம் 1882இல் அன்றைக்கு ராபர்ட் கோக் பெர்லினில் காசநோய்க் கிருமியைப் பற்றிப் பேசினார் என்பது. செப்டம்பர் 28 லூயி பாஸ்டர் இறந்த நாள். மரியாதைக்குரிய காரணங்கள்தாம். ஆனால் அந்த நாளுக்கும் நோயின் போக்குக்கும் தொடர்பு எதுவுமில்லை.

தமிழ்நாட்டில் சொட்டு மருந்து ஞாயிறு எப்படி நடக்கும் என்பது பிள்ளை பெற்ற எல்லாருக்கும் தெரியும். ஆரம்ப சுகாதார நிலையம், அங்கன்வாடி, பள்ளி, பேருந்து நிலையம், ரயிலடி, கோயில் வாசல், சுங்கச்சாவடி என்று நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை என்றால் போதும், போன வாரம் கொடுத்ததா, நேற்றுப் பிறந்ததா என்ற பேச்சே கிடையாது. வாயைத் திற, இரண்டு சொட்டு, இடது கைச் சுண்டுவிரலில் மை. அந்த மைதான் இந்த நாளின் மூளை. மையில்லாத விரலைத் தேடித்தான் திங்கட்கிழமை முதல் ஊழியர்கள் வீடுவீடாகப் போவார்கள். எல்லாக் குழந்தைக்கும் கொடுத்தாயிற்று என்றால் கதவில் சாக்பீஸால் ‘பி’ என்று எழுதுவார்கள். குழந்தை ஊரில் இல்லை, பூட்டிக் கிடக்கிறது, பெற்றோர் மறுத்துவிட்டார்கள் என்றால் பெருக்கல் குறி. பெருக்கல் குறி போட்ட வீட்டுக்கு மறுபடியும் போக வேண்டும். பிரபலங்கள் குழந்தையின் வாயில் சொட்டு விடும் படத்தை எல்லாரும் பார்த்திருக்கிறோம். போலியோவை விரட்டியதில் அந்தப் படத்துக்கு இருந்த பங்கைவிடச் சாக்பீஸுக்கு இருந்த பங்கு அதிகம்.

இந்த நாளின் வலிமைக்கு இன்னொரு சான்று, துப்பாக்கிகளும் அதற்கு வழிவிட்டன என்பது. எல் சால்வடோரில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது, 1985இல் யூனிசெப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் இடைநின்று பேசி, குழந்தைகளுக்குத் தடுப்பு மருந்து கொடுப்பதற்காக இரு தரப்பையும் சண்டை நிறுத்தச் செய்தன. இலங்கையிலும் 1990களில் சொட்டு மருந்து நாட்களில் அரசுப் படையும் விடுதலைப் புலிகளும் மோதலை நிறுத்திவைத்தார்கள். வடக்கு கிழக்கின் குழந்தைகளுக்கும் மருந்து போய்ச் சேர்ந்தது. ‘எப்போதாவது வந்து போடுகிறோம்’ என்று கேட்டிருந்தால் எந்தத் தளபதியும் இசைந்திருக்க மாட்டார். குறித்த தேதி, குறித்த நேரம், குறித்த வேலை என்பதால் அது பேரம் பேசக்கூடியதாக இருந்தது.

கதை இதோடு சுபமாக முடிந்திருந்தால் ஆய்வுக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது. தமிழ்நாட்டில் 2004க்குப் பிறகு போலியோ இல்லை. உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் அதே நாள், அதே மருந்து, அதே மை இருந்தும் நோய் அடங்க மறுத்தது. 2002இல் நாட்டில் 1,600 குழந்தைகளுக்குப் போலியோ வந்தது. பெரும்பாலோர் உத்தரப் பிரதேசத்துக் குழந்தைகள். நாட்களைக் கூட்டினார்கள். சில மாவட்டங்களில் ஏறக்குறைய மாதந்தோறும் சொட்டு மருந்து ஊழியர் கதவைத் தட்டினார். அப்போதுதான் மக்கள் கேட்கத் தொடங்கினார்கள்: குடிக்கத் தண்ணீர் இல்லை, சாக்கடை இல்லை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பார்க்க வைத்தியர் இல்லை, இந்த இரண்டு சொட்டை மட்டும் ஏன் இத்தனை அக்கறையாக வீடு தேடிக் கொண்டுவருகிறீர்கள்? இதில் ஏதோ சூது இருக்கிறது, குடும்பக் கட்டுப்பாட்டு மருந்தைத்தான் கலந்து தருகிறார்கள் என்ற வதந்தி முஸ்லிம் குடியிருப்புகளில் வேகமாகப் பரவியது. நெருக்கடி நிலைக் காலத்தில் ஆட்களை வலிந்து கருத்தடை அறுவைச் சிகிச்சைக்கு இழுத்துப்போன நாட்டில் அந்தச் சந்தேகத்தை அறியாமை என்று ஒற்றை வார்த்தையில் ஒதுக்குவது நேர்மையாகாது.

மருந்தும் கைவிட்டது. 2006இல் நிக்கோலஸ் கிராஸ்லியும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட கணக்கின்படி, மூன்று வகைப் போலியோ கிருமிகளையும் குறிவைத்த அன்றைய மும்முனைச் சொட்டு மருந்தின் ஒரு தவணை முதல் வகைக் கிருமிக்கு எதிராக நாட்டின் பிற பகுதிகளில் 21 சதவீதம் பலனளித்தது. உத்தரப் பிரதேசத்தில் 9 சதவீதம் மட்டுமே. ஜேக்கப் ஜான் வேலூரில் கண்ட அதே சிக்கல், நெரிசலும் கழிவுநீரும் மிகுந்த கங்கைச் சமவெளியில் இன்னும் கடுமையாக இருந்தது. ஆக, அங்கே பெற்றோரின் ‘விழிப்புணர்வு’ முழுமையாக இருந்திருந்தாலும் நோய் நின்றிருக்காது. ஒரே வகைக் கிருமியைக் குறிவைக்கும் மருந்து 2005லும், இரு வகைகளைக் குறிவைக்கும் மருந்து 2010லும் வந்தன. மதரஸா ஆசிரியர்களும், அலிகர், ஜாமியா மில்லியா பல்கலைக்கழகத்தாரும், அந்தந்தத் தெருவிலிருந்தே தேர்ந்த பெண்களும் பேச்சுவார்த்தைக்கு வந்தார்கள். ஓடும் ரயிலிலும் செங்கல் சூளையிலும் மருந்து கொடுத்தார்கள். கோசி ஆற்றுவெளியின் தீவுக் கிராமங்களுக்குப் படகில் போனார்கள். 2009இல் 741 ஆக இருந்த எண்ணிக்கை 2010இல் 42 ஆயிற்று, 2011இல் ஒன்று. மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் அந்த ஆண்டு ஜனவரி 13 அன்று ஒரு குழந்தைக்கு நோய் தொடங்கியது. அதுதான் இந்தியாவின் கடைசிக் காட்டுப் போலியோ. 2014 மார்ச் 27 அன்று உலக சுகாதார நிறுவனம் தன் தென்கிழக்கு ஆசிய வட்டாரம் முழுமைக்கும் போலியோ ஒழிந்ததாகச் சான்றிதழ் கொடுத்தது.

இதற்குக் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். தேசியக் குடும்பநல ஆய்வின் 2005–06 சுற்றில், எல்லாத் தடுப்பூசிகளையும் முழுமையாகப் பெற்ற குழந்தைகள் உத்தரப் பிரதேசத்தில் 23 சதவீதம். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 81 சதவீதம். போலியோ நாட்கள் ஓயாமல் நடந்த மாநிலத்தில் தட்டம்மை ஊசி போட ஆளில்லை. நாட்களே காரணம் என்று சொல்ல வரவில்லை, அதற்கு முன்பும் அங்கே நிலைமை மோசம்தான். ஆனால் ஒரே ஊழியர் ஒரு வேலைக்கு ஓடும்போது மற்றது நிற்கும் என்பது கண்கூடு.

தமிழ்நாட்டுக்கு ஒரு புதன்கிழமை இருந்தது. இங்கே தடுப்பூசி போடும் நாள் புதன்கிழமை என்பது கிராமத்துப் பாட்டிகளுக்கும் தெரியும். எந்த அரசு வந்தாலும், எந்த அமைச்சர் மாறினாலும், புதன்கிழமை கிராமச் சுகாதாரச் செவிலியர் குளிர்ப்பெட்டியோடு அங்கன்வாடியிலோ துணைச் சுகாதார நிலையத்திலோ இருப்பார். அவர் கையிலிருக்கும் பதிவேட்டில் எந்த வீட்டில் எந்தப் பிள்ளைக்கு எத்தனையாவது தவணை பாக்கி என்பது இருக்கும். இதற்குப் பதாகை கிடையாது, கருப்பொருள் வாசகம் கிடையாது, சர்வதேச நாட்காட்டியில் இடமும் கிடையாது. ஆண்டுக்கு ஐம்பத்திரண்டு முறை வரும் இந்த நாள் ஒழுங்காக இருந்ததால்தான் ஆண்டுக்கு இரண்டு முறை வந்த போலியோ ஞாயிறு இங்கே சட்டென்று வேலையை முடித்தது. விழாவைப் பற்றி எழுதுகிறவர்கள் புதன்கிழமையை விட்டுவிடுகிறார்கள்.

இனி அக்டோபருக்கு வருவோம். 1985இல் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வை அமெரிக்காவில் அக்டோபரோடு பிணைத்தவர்களில் ஐ.சி.ஐ. என்ற பிரித்தானிய வேதிப்பொருள் நிறுவனத்தின் மருந்துப் பிரிவும் உண்டு. மார்பகப் புற்றுநோய்க்கான டாமாக்சிபென் மருந்தைத் தயாரித்தது அதே நிறுவனம். அதனாலேயே அந்த மாதம் பொய்யாகிவிடாது. டாமாக்சிபென் நல்ல மருந்து, ஏராளமான பெண்களின் ஆயுளை நீட்டியிருக்கிறது. ஆனால் அந்த மாதத்தின் பேச்சு முழுக்க ‘சீக்கிரம் கண்டுபிடி’ என்பதிலேயே நின்று, ‘ஏன் வருகிறது, எப்படித் தடுப்பது’ என்பதற்குப் போகாததன் காரணத்தை யோசிக்க இந்தத் தகவல் உதவும். ரிப்பனின் கதை இன்னும் துலக்கமானது. 1990களின் தொடக்கத்தில் சார்லட் ஹேலி என்ற கலிபோர்னியப் பெண்மணி வீட்டிலேயே பீச் பழ நிறத்தில் ரிப்பன்கள் செய்து, அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் தன் நிதியில் 5 சதவீதத்தைத்தான் தடுப்புக்குச் செலவிடுகிறது என்று அட்டையில் அச்சிட்டு அனுப்பிக்கொண்டிருந்தார். ஒரு பெண்கள் பத்திரிகையும் ஓர் ஒப்பனைப் பொருள் நிறுவனமும் அந்த ரிப்பனைக் கேட்டன. வணிகமாகிவிடும் என்று அவர் மறுத்தார். வழக்கறிஞர்களைக் கலந்து நிறத்தை மாற்றினார்கள். 1992இல் இளஞ்சிவப்பு ரிப்பன் வந்தது. அட்டையிலிருந்த கேள்வி வரவில்லை.

அந்த மாதத்தின் பிரபலமான அறிவுரை, பெண்கள் மாதம் ஒருமுறை தாமே மார்பகத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது. ஷாங்காய் நெசவாலைகளில் வேலைசெய்த 2,66,064 பெண்களைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு முறையாகக் கற்றுக்கொடுத்து, நினைவூட்டி, மேற்பார்வையும் பார்த்தார்கள். பத்தாண்டு கழித்து 2002இல் முடிவு வந்தபோது, கற்றவர்களில் 135 பேரும் கல்லாதவர்களில் 131 பேரும் மார்பகப் புற்றுநோயால் இறந்திருந்தார்கள். கூடியது, புற்றல்லாத கட்டிகளுக்காகச் செய்த திசுச் சோதனைகள்தான். தன் உடலில் மாற்றம் தெரிந்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பது சரி. மாதச் சடங்காகத் தடவிப் பார்ப்பது உயிரைக் காக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. இன்றும் பல மேடைகளில் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை வேறு வழியில் போனது. 1998இல் தொடங்கி, குடிசைப் பகுதிகளில் வாழும் 35 முதல் 64 வயது வரையான 1,51,538 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை இரண்டாண்டுக்கு ஒருமுறை பயிற்சி பெற்ற பெண் ஊழியர்கள் கையால் சோதித்தார்கள். இவர்கள் மருத்துவர்கள் அல்லர், பள்ளிப் படிப்பு முடித்தவர்கள். இருபது ஆண்டு பின்தொடர்ந்து 2021இல் வெளியிட்ட முடிவில், நோய் முன்கட்டத்திலேயே பிடிபட்டது தெரிந்தது. ஐம்பது வயதைக் கடந்த பெண்களிடையே இறப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்திருந்தது. ஐம்பதுக்குக் கீழே பலன் தெரியவில்லை. மேமோகிராம் கருவி வாங்க வழியில்லாத நாட்டுக்கு இது பெரிய செய்தி. எந்த அக்டோபரிலும் இதைப் பற்றிப் பெரிதாக யாரும் பேசிக் கேட்டதில்லை.

விழிப்பு கூடினால் தீங்கும் வரலாம். தென்கொரியாவில் 1999 முதல் அரசு சில புற்றுநோய்களுக்குப் பரிசோதனைத் திட்டம் நடத்தியது. கையோடு தைராய்டையும் ஸ்கேன் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவமனைகள் குறைந்த கட்டணத்தில் அழைத்தன, ஊடகங்களும் ஊதின. 2011இல் தைராய்டு புற்றுநோய் 1993இல் இருந்ததைப் போல் 15 மடங்காகக் கண்டறியப்பட்டது. அதனால் இறந்தவர்களின் எண்ணிக்கையில் மாற்றமே இல்லை. வாழ்நாள் முழுக்கத் தொல்லை தராமல் கிடந்திருக்கக்கூடிய சிறு கட்டிகளுக்காக ஆயிரக்கணக்கானோர் தைராய்டை வெட்டி எடுத்துவிட்டு, காலமெல்லாம் மாத்திரை விழுங்குகிறார்கள். சில சுரப்பி அறுவைகளில் குரல் நரம்பும் சேர்ந்து போனது. 2014இல் மருத்துவர்களே கூடி எதிர்க்குரல் எழுப்பிய பிறகுதான் அறுவைகள் குறைந்தன.

காசநோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஒரு நாளில் கொடுத்து முடிக்கும் மருந்து அதற்கு இல்லை. வழக்கமாக ஆறு மாதம் விடாமல் மாத்திரை விழுங்க வேண்டும். நூறாண்டு நினைவாக 1982இல் மார்ச் 24ஐ நாளாக்குவதற்கு ஒரு தலைமுறை முன்பே, நோயைக் கையாளும் முறையை மாற்றிய வேலை சென்னையில் நடந்துவிட்டது. 1956இல் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் சென்னைக் காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தில் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைத் தாம்பரம் போன்ற ஆரோக்கிய நிலையத்தில் வைத்தும், மறு பிரிவினரைச் சேரிக் குடிசைகளில் அவரவர் வீட்டில் வைத்தும் ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். பலன் ஏறக்குறைய சமம். வீட்டார்க்குக் கூடுதல் தொற்றும் இல்லை. ஊட்டமான சாப்பாடு, நல்ல காற்று, ஓய்வு எல்லாம் இருந்தவர்களும் இல்லாதவர்களும் மருந்தாலேயே குணமானார்கள். உலகமே அதன்பிறகு சானடோரியங்களை மூடத் தொடங்கியது. இந்த நோய்க்கு ஒரு நாள் செய்யக்கூடியது, சளிப் பரிசோதனைக்கு ஆட்களைக் கொண்டுவருவது மட்டும். மீதி நூற்றெண்பது நாளும் மாத்திரை தட்டுப்பாடில்லாமல் கிடைக்கிறதா, கூலிக்குப் போகிறவரால் அதை விடாமல் விழுங்க முடிகிறதா என்பவைதான் முடிவுசெய்யும்.

புகையிலையிலும் அப்படித்தான். பிரிட்டனில் மார்ச் மாதத்துப் புகையில்லா நாளையொட்டிப் புகையை விட முயல்வோர் சற்றுக் கூடுகிறார்கள் என்றும், செலவோடு ஒப்பிட்டால் அந்தச் சிறு பலனும் மலிவானதே என்றும் ஆய்வு சொல்கிறது. அந்த நாளில் விட நினைப்பவரைத் தாங்கத் தொலைபேசி ஆலோசனையும் மருந்தும் அங்கே இருக்கின்றன. இந்தியாவில் புகையிலை பயன்படுத்தும் பெரியவர்கள் 2009–10இல் 34.6 சதவீதம், 2016–17இல் 28.6 சதவீதம். இடையில் பொது இடத் தடை நடைமுறையில் இருந்தது, வரி ஏறியது, அட்டையின் 85 சதவீதப் பரப்பை எச்சரிக்கைப் படம் பிடித்தது. இந்தச் சரிவை மே 31இன் கணக்கில் எழுத யாரும் துணிய மாட்டார்கள்.

கடைசியாக ஒரு தமிழ்நாட்டு ஆய்வு. அது உலக அளவில் எடுத்தாளப்படுகிறது, இங்கே பலர் கேள்விப்பட்டதில்லை. 2000ஆம் ஆண்டு திண்டுக்கல் மாவட்டத்தில், அம்பிளிக்கை கிறித்துவ ஐக்கிய சமூகநல மருத்துவமனையோடு சேர்ந்து, ஆர். சங்கரநாராயணன் தலைமையிலான சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமைக் குழு கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்க ஒரு சோதனை நடத்தியது. முப்பது முதல் ஐம்பத்தொன்பது வயதுப் பெண்கள். பரிசோதனைக் கருவி, நீர்த்த அசிட்டிக் அமிலம். சமையலறை வினிகரின் அதே சரக்கு. செவிலியர் கருப்பைவாயில் அதைத் தடவி ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார். வெள்ளைத் திட்டுத் தெரிந்தால், பொருத்தமான பெண்ணுக்கு அங்கேயே அப்போதே உறைகுளிர்ச் சிகிச்சை. முதலில் ஊருக்குள் போய்ப் பேசினார்கள், பிறகு ஊருக்குப் பக்கத்திலேயே பரிசோதித்தார்கள், அன்றைக்கே சிகிச்சையும் தர முயன்றார்கள். அழைக்கப்பட்ட 49,311 பேரில் 31,343 பேர் வந்தார்கள். 2007இல் ‘லான்செட்’ இதழில் வந்த முடிவு: வாழ்நாளில் ஒரே ஒரு முறை செய்த அந்தப் பரிசோதனையால் நோய் 25 சதவீதமும் இறப்பு 35 சதவீதமும் குறைந்திருந்தன. ஒப்பீட்டுக்காகப் பரிசோதனை இல்லாமல் விடப்பட்ட ஊர்ப் பெண்களைப் பற்றிப் பின்னாளில் கடுமையான அறக் கேள்விகள் எழுந்தன. இந்தியாவில் நடந்த இவ்வகை ஆய்வுகள் எல்லாவற்றையும் நோக்கி எழுந்தவை அவை. எளிதில் ஒதுக்கக் கூடியவை அல்ல.

தமிழ்நாடு அரசு தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் இந்த முறையை முன்னோட்டமாக நடத்திப் பார்த்துவிட்டு மாநிலம் முழுக்க விரித்தது. அப்படியும் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் தமிழ்நாட்டில் 9.8 சதவீதம்தான். இந்திய சராசரி 1.9 என்பதால் இதையே சாதனை என்றும் சொல்லிக்கொள்ளலாம். பெண்களுக்கு விவரம் தெரியாததுதான் காரணம் என்று மேடையில் சொல்வார்கள். நூறுநாள் வேலைக்கோ பனியன் கம்பெனிக்கோ போகும் பெண்ணுக்கு, காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை மட்டும் நடக்கும் பரிசோதனை ஒருநாள் கூலியைத் தின்றுவிடும் என்பதையும், ஆண் மருத்துவர் இருப்பாரோ, திரை இருக்குமோ என்ற தயக்கத்தையும், வெள்ளைத் திட்டு இருக்கிறது, மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போங்கள் என்று சீட்டெழுதிக் கொடுத்தால் அவர் பெரும்பாலும் போக மாட்டார் என்பதையும் செவிலியர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

2020 நவம்பர் 17 அன்று உலக சுகாதார நிறுவனம் இந்தப் புற்றுநோயை ஒழிக்கும் திட்டத்தை அறிவித்தது: 2030க்குள் 90 சதவீதச் சிறுமியருக்குத் தடுப்பூசி, 70 சதவீதப் பெண்களுக்குப் பரிசோதனை, நோய் கண்டவர்களில் 90 சதவீதத்தினருக்குச் சிகிச்சை. 2025இல் அந்த நவம்பர் 17 கருப்பைவாய்ப் புற்றுநோய் ஒழிப்பு நாளாக ஏற்கப்பட்டு நாட்காட்டியில் சேர்ந்தது. இனி அன்றைக்கும் பேரணி இருக்கும். போகட்டும், பேரணியில் தவறில்லை. செய்தி சேகரிக்கப் போகும் நிருபர் வேறு சிலவற்றையும் கேட்கலாம். அந்த வட்டாரத்தில் அன்று எத்தனை பெண்களுக்குப் பரிசோதனை நடந்தது? உறைகுளிர்க் கருவிக்கு எரிவாயு உருளை இருந்ததா? திட்டுத் தெரிந்தவர்களில் எத்தனை பேருக்கு அன்றே சிகிச்சை முடிந்தது? அத்தனை கவனத்தோடு நடந்த திண்டுக்கல் ஆய்வில்கூட, புற்றுக்கு முந்தைய மாற்றம் இருந்த 1,874 பெண்களில் 72 சதவீதத்தினர்தான் சிகிச்சை பெற்றார்கள். மீதி ஐந்நூற்றுச் சொச்சம் பேரைப் போல் விடுபட்டவர்களின் பெயர்ப் பட்டியல் நவம்பர் 18 அன்று எந்தச் செவிலியர் கையில் இருக்கிறது, அவர்கள் வீட்டுக்கு மறுபடியும் போக அவருக்கு நேரமும் பேருந்துச் செலவும் தரப்பட்டிருக்கின்றனவா என்பதையும் கேட்கலாம்.